ஒரு மில்லிமீட்டர் குளவியின் வெயிலும் சாப்பாடும்

தென் கொல்கத்தாவில் தமிழர் வீடு எது என்று தெரிந்துகொள்ள வாசலில் கோலம் தேட வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும், மொட்டை மாடியிலோ பால்கனிக் கம்பிக்கு உள்ளேயோ ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். லேக் மார்க்கெட்டில் வருஷம் முழுக்கக் கறிவேப்பிலை கிடைக்கிறதுதான். ஆனாலும் கடுகு வெடிக்கிற நேரத்தில் மாடிக்கு ஓடி ஒரு கொத்து ஒடித்து வந்தால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி. எங்கள் மாடியிலும் ஒரு தொட்டி உண்டு. அதற்குப் பக்கத்தில் கீழ்வீட்டு பௌதி (பெங்காலியில் அண்ணி) வளர்க்கும் கொந்தொராஜ் எலுமிச்சை. அதன் பழத்தைவிடத் தோலுக்குத்தான் மவுசு. ஒரு சீவல் விழுந்தாலே பருப்பு மணக்கும். கீழே மதிலோரம் காமினிச் செடி. மழைக்கால ராத்திரியில் அது பூத்தால் தெருமுனை வரைக்கும் வாசனை வரும். காமினி இல்லாத பெங்காலித் தோட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கறிவேப்பிலை, எலுமிச்சை, காமினி மூன்றும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கே சொல்லிவிடும். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இருக்கும் கோனிக், பதினெட்டாம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக வேலை பார்த்தவர். அது இருக்கட்டும். இந்த மூன்று செடிக்கும் பொதுவாக ஒரு விரோதி இருக்கிறது, அந்த விரோதிக்கும் ஒரு விரோதி இருக்கிறது. இரண்டாவது விரோதியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று முந்தானையில் முடிந்ததுபோல எப்போதும் என்னோடு இருக்கும். பிப்ரவரி கடைசியில் குளிர் விட்டதும் மாடியில் எல்லாச் செடியும் துளிர்விடும். அப்போது கறிவேப்பிலையின் இளங்கொழுந்தை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் மஞ்சளாக, தட்டையாக, சிவந்த கண்களோடு சின்னச் சின்ன பூச்சிகள் தண்டை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் வாலிலிருந்தும் வெள்ளையாக ஒரு மெழுகுச் சுருள் நீளும். அதற்குள்ளே இருப்பது சர்க்கரைக் கழிவு. வளர்ந்த பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். பழுப்புப் புள்ளி விழுந்த இறக்கை. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். இந்தத் தோரணையை வேறெந்தப் பூச்சியிடமும் நம் எலுமிச்சைச் செடியில் பார்க்க முடியாது. பூச்சியியல்காரர்கள் இதை டயாஃபோரினா சிட்ரி என்பார்கள், விவசாயிகளிடம் சொல்லும்போது சில்லா பூச்சி என்பார்கள். நானும் சில்லா என்றே சொல்கிறேன்.

கறிவேப்பிலைக் கொழுந்து சுருண்டுபோவதோடு விஷயம் முடிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சில்லா ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு ஒரு பாக்டீரியாவைக் கொண்டுபோகிறது. அது எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களின் சாறு ஓடும் குழாய்களை அடைத்துவிடும். இலை திட்டுத் திட்டாக மஞ்சளாகும், பழம் கோணலாகிப் பாதி பச்சையாகவே நின்று கசக்கும், சில வருஷத்தில் மரம் போய்விடும். இதற்கு கிரீனிங் நோய் என்று பெயர், மருந்து கிடையாது. நம் நாட்டில் ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருவதற்கு இந்த நோயும் ஒரு காரணம் என்று 1960களில் அடையாளம் கண்டார்கள். டார்ஜிலிங் மலைச் சரிவுகளில் கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் நொடித்துப்போனதிலும் இதற்குப் பங்கு உண்டு. குளிர்காலத்தில் மெச்சுவா பழச்சந்தையில் டார்ஜிலிங் பழம் கேட்டால் நாக்பூர் பழத்தை நீட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சில்லா 1998இலும் நோய் 2005இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் ஒரு பருவத்துக்கு 24 கோடிப் பெட்டி வரை ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. 2022-23 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயலும் சேர்ந்து அடித்தது என்றாலும் முதல் குற்றவாளி கிரீனிங்தான்.

இதில் நம் சமையலறைக்கு ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. கறிவேப்பிலையில் சில்லா செழிப்பாக வளரும், ஆனால் அந்த நோய் கறிவேப்பிலையில் வேர்பிடிப்பதில்லை.

இனி குளவி. பெயர் டமாரிக்சியா ரேடியாட்டா. குளவி என்றதும் உத்தரத்தில் மண்கூடு கட்டிக் கொட்டுகிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர் நீளம், கறுப்பு உடம்பு, கண்ணாடி இறக்கை. மனிதரைக் கொட்டாது, கொட்டினாலும் தெரியப்போவதில்லை. பெண் குளவி ஓரளவு வளர்ந்த சில்லா இளம்பூச்சியாகப் பார்த்து அதன் வயிற்றுக்கு அடியில், கால் முளைக்கும் இடத்தருகே ஒரு முட்டையை ஒட்டிவைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு இளம்பூச்சியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு உடற்சாற்றை உறிஞ்சும். கடைசியில் வெறும் தோல் மிஞ்சும். புழு அந்தத் தோலின் ஓரங்களைப் பட்டிழையால் இலையோடு தைத்துவிட்டு உள்ளேயே கூட்டுப்புழுவாகும். லென்ஸில் பார்த்தால் மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே பழுப்பாக, அசையாமல், தண்டோடு ஒட்டிய ஒன்று தெரியும். அதன் தலைப்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாயிற்று. ஓட்டை வால்பக்கம் இருந்தால் வந்துபோனது வேறு குளவி. அலிகாரில் கண்டு, அந்த ஊர்ப் பெயரையே வைத்த டயாஃபோரென்சிர்ட்டஸ் அலிகாரென்சிஸ் அது. இந்த ஓட்டை சமாசாரத்தைக் காட்டினால் பிள்ளைகள் லென்ஸைத் திருப்பித் தரமாட்டார்கள்.

டமாரிக்சியா நம் துணைக்கண்டத்துச் சொந்தம். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1922இல் வாட்டர்ஸ்டன் என்பவர் இதற்குப் பெயர் சூட்டினார். 1927இல் லயால்பூரிலிருந்து ஹுசைனும் நாத்தும் சில்லாவைப் பற்றி விரிவாக எழுதியபோதே அதைத் தின்னும் ஒட்டுண்ணிகளையும் பதிந்துவைத்தார்கள். அதன்பிறகுதான் குளவி ஊர்சுற்றக் கிளம்பியது. 1978இல் இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே சில்லா அடங்கியது. ஃப்ளோரிடாவுக்குத் தைவானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போயிற்று. கலிஃபோர்னியாவுக்கு மட்டும் மார்க் ஹாடில் என்ற பூச்சியியலாளர் பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வரை வந்து, அதாவது அதே பழைய லயால்பூரில், தேடிப் பிடித்துப் போனார். 2011 டிசம்பரில் ரிவர்சைடில் முதல் குளவிகளைத் திறந்துவிட்டார்கள். அங்கே இதை மொத்தமாகப் பெருக்கக் கூடாரங்களுக்குள் கறிவேப்பிலைச் செடிதான் வரிசையாக வளர்க்கிறார்கள். சில்லா வேண்டும், நோய் வேண்டாம் என்றால் அதைவிடத் தோதான செடி ஏது? அதே கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 2009இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையை மோப்பநாய் நிறுத்தியது. உள்ளே கறிவேப்பிலை, கறிவேப்பிலையில் சில்லா, சில்லாவில் நோய்க்கிருமி. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கறிவேப்பிலை கட்டிக்கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹாடில் ஏன் ஃபைசலாபாத்தைத் தேர்ந்தெடுத்தார்? கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு வளரும் பகுதிகளோடு அதன் தட்பவெப்பம் ஒத்துப்போகிறது என்பதால்தான். ஒரே இனக் குளவி என்றாலும் எந்த வெயிலில் பழகியது என்பது முக்கியம் என்று அவர்கள் நினைத்தார்கள். நம் பேச்சும் அங்கேதான் வருகிறது.

பூச்சிக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ, உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு. அதனால் குளவியின் வளர்ச்சியை நாட்கணக்கில் சொல்வதில் அர்த்தமில்லை, சூட்டுக்கணக்கில்தான் சொல்ல வேண்டும். பிரேசிலில் கோமஸ் டாரஸும் கூட்டாளிகளும் டமாரிக்சியாவை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். 18 டிகிரியில் முட்டை முதல் குளவி வரை ஏறக்குறைய 17 நாள். 35 டிகிரியில் ஏழரை நாள்தான். 7 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால் 189 சேரும்போது குளவி வெளியே வரும்.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். அலிப்பூர் வானிலைக் கணக்குப்படி கொல்கத்தாவில் ஜனவரியின் சராசரி ஏறக்குறைய 20 டிகிரி. ஏழைக் கழித்தால் 13. 189ஐ 13ஆல் வகுத்தால் பதினான்கரை நாள். மார்ச்சில் சராசரி 28, ஒன்பது நாள். மே மாதம் 31, எட்டு நாளுக்குள் முடிந்துவிடும். சில்லாவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஃப்ளோரிடாவில் லியூவும் ட்சாயும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 15 டிகிரியில் முட்டையிலிருந்து பூச்சியாக 49 நாள், 28 டிகிரியில் 14 நாள். அதன் வளர்ச்சி பத்து டிகிரிக்கு மேல்தான் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நம் ஊர்க் குளிர்காலத்தில் சில்லா ஒரு தலைமுறையை முடிக்கத் திணறும் நேரத்தில் குளவி அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் செடிக்கு யாரும் ஒன்றும் செய்வதில்லை, செடியும் சும்மா இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் மிச்சம் மீதி இருக்கும் இளம்பூச்சிகளுக்கு அடியில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் மே மாதம் குளவிக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். வேகமாக வளர்வதும் நன்றாக வேலை செய்வதும் ஒன்றில்லை. அதே பிரேசில் ஆய்வில் குளவி மிக அதிகமான இளம்பூச்சிகளில் முட்டையிட்டது 26 டிகிரியை ஒட்டித்தான், நூற்றுக்கு 77. சூடு ஏற ஏற அந்த எண்ணிக்கை இறங்கியது. 18இலும் 35இலும் கூட்டுக்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்தவையும் குறைவு. சூட்டில் குளவி சீக்கிரம் பிறக்கும், சீக்கிரம் கிழடாகும். நடுவில் முட்டையிட அதற்குக் கிடைக்கும் நாட்கள் சுருங்கிப்போகும். ஃப்ளோரிடாத் தோட்டங்களில் குரேஷியும் குழுவினரும் எடுத்த கணக்கைப் பாருங்கள். வசந்தத்திலும் கோடையிலும் குளவி பிடித்த இளம்பூச்சிகள் சராசரி 20 சதவீதத்துக்கும் கீழே. நவம்பரில் சில இடங்களில் 56 சதவீதம். அதற்கு வெயில் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், துளிர் வரும் காலம், பூச்சி மருந்து எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆனால் கொல்கத்தாவில் இருபத்தாறு டிகிரியை ஒட்டிய நாட்கள் எப்போது வருகின்றன என்று யோசித்தால், பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முற்பாதி, மறுபடி துர்கா பூஜை, காளி பூஜை எல்லாம் முடிந்த நவம்பர். முதலாவது நம் செடிகள் வெறிபிடித்துத் துளிர்விடும் சமயம். குளவிக்கும் சில்லாவுக்கும் மாடியில் கணக்குத் தீர்க்கும் காலம் அதுதான்.

ஆய்வகத்துப் பெட்டிக்குள் 26 என்று வைத்தால் இரவும் பகலும் 26. மாடி அப்படியா? மார்ச்சில் விடிகாலை 22, மத்தியானம் 34, சராசரி 28 என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாம், குளவி அந்தச் சராசரியில் ஒரு நாளும் வாழ்வதில்லை. ரிவர்சைடில் மிலோசவ்ல்ஜெவிச், ஹாடில் முதலியவர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டு, நிலையான வெப்பத்திலும் ஏறி இறங்கும் வெப்பத்திலும் டமாரிக்சியாவையும் அந்த அலிகார் குளவியையும் வளர்த்து 2019இல் வெளியிட்டார்கள். நடுத்தரமான வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கடுங்குளிர், கடுஞ்சூடு என்ற ஓரங்களுக்குப் போனால், ஏறி இறங்கும் சூடும் நிலையான சூடும் ஒரே விடையைத் தராது. மேலே நான் போட்ட ஜனவரிக் கணக்கையும் மே கணக்கையும் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு உத்தேசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாடித் தளத்தின் சிமெண்டு வேறு இருக்கிறது. மே மத்தியானத்தில் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. நகர வானிலை 36 என்று சொல்லும்போது தளத்தையொட்டிய தொட்டியில், இலைக்கு அடியில் எவ்வளவு? இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் கொஞ்சம் குளிர்வித்துக்கொள்ளும் என்பது ஒன்றுதான் குளவிக்கு ஆதரவு. அதற்காகவே கறிவேப்பிலைத் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மத்தியானத்தில் விழும் பக்கமாக நகர்த்திவைத்திருக்கிறேன். பௌதி கொந்தொராஜை நகர்த்த விடவில்லை. எலுமிச்சைக்கு வெயில் வேண்டும் என்கிறார், அதுவும் நியாயம்தான்.

வெயிலை நாம் ஒன்றும் செய்ய முடியாது, தொட்டியை நகர்த்துவதோடு சரி. சாப்பாட்டு விஷயம் அப்படியில்லை, அது நம் கையில் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் குளவியை வைத்துப் பூச்சி ஒழிப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் அதற்கு என்ன சாப்பாடு என்று கேட்பதே அபூர்வம்.

வளர்ந்த குளவிக்கு இரண்டு விதமான உணவு வேண்டும். ஒன்று சர்க்கரை. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளால் வளர்ந்தபிறகு சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக்கொள்ள முடியாது. புழுவாக இருந்தபோது சில்லாவின் உடம்பிலிருந்து சேர்த்துக்கொண்ட கொழுப்புத்தான் ஆயுசுக்கும். அந்தக் கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புநிதி என்றால், தினம் குடிக்கும் சர்க்கரை கைச்செலவுக் காசு. காசு தீர்ந்தால் வைப்பை உடைக்க வேண்டியதுதான், உடைத்தால் முட்டைக்கு இல்லாமல் போகும். 25 டிகிரியில் தேன் கொடுத்து வைத்திருந்தால் பெண் குளவி மூன்று வாரம்வரைகூட உயிரோடு இருக்கும். வெறும் தண்ணீரில் விட்டால் சில நாட்களில் முடிந்துவிடும். இதில் வெயிலும் வந்து சேரும். சூடு ஏறினால் உடம்பு எரிக்கும் சர்க்கரையின் அளவும் ஏறும். மே மாதக் குளவிக்கு ஜனவரிக் குளவியைவிட அடிக்கடி பசிக்கும், ஆனால் மே மாத மாடியில் பூ குறைவு. வெப்பத்தையும் உணவையும் தனித்தனி ஆய்வுகளாகப் படிக்கிறோம், குளவிக்கு இரண்டும் ஒரே பிரச்சினை.

இரண்டாவது உணவு ரத்தம். பூச்சியின் உடற்சாற்றை ரத்தம் என்று சொல்வது சரியில்லை என்று என் பழைய மாணவிகள் யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். டமாரிக்சியா பெண் தன் முட்டைகளை எல்லாம் பிறக்கும்போதே வைத்திருப்பதில்லை, வாழ்நாள் முழுக்க உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் புரதம் வேண்டும். சின்ன இளம்பூச்சியாகப் பார்த்து, முட்டையிடும் அதே ஊசியால் குத்தி, கசிகிற சாற்றை நக்கிக் குடிக்கும். குத்துப்பட்டது செத்துப்போகும். பெரிதில் முட்டை, சிறிதில் சாப்பாடு. ஒரு பெண் குளவி 300 முட்டைவரை இடும், முட்டையிட்டும் தின்றும் 500 இளம்பூச்சிகள்வரை தீர்க்கும் என்று தைவான் ஆய்வகக் கணக்கு சொல்கிறது. பெட்டிக்குள் கேட்டதெல்லாம் கிடைத்த குளவியின் கணக்கு அது. மாடியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இலையில் ஓட்டை போட்ட பழுப்புத் தோல்களை மட்டும் எண்ணிவிட்டு, குளவி இவ்வளவுதான் வேலை செய்தது என்று முடிவுகட்டினால் தப்பு. தின்று தீர்த்தவை காய்ந்து உதிர்ந்துபோயிருக்கும், கணக்கிலேயே வராது.

சர்க்கரை எங்கிருந்து வரும்? பாதி சில்லாவே கொடுக்கிறது. முன்னே சொன்ன வெள்ளை மெழுகுச் சுருளுக்குள் இருப்பது இனிப்பு, குளவி அதில் வாய் வைக்கும். இங்கேதான் எறும்பு குறுக்கே வருகிறது. எறும்புக்கும் அதே இனிப்பு வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் பரவாயில்லை, கறந்துகொண்டே காவலும் காக்கும். குளவி வந்து உட்காரப்போனால் துரத்தும். கலிஃபோர்னியாவில் அர்ஜென்டினா எறும்பு இந்த வேலையைப் பார்க்கிறது, எறும்பைக் கட்டுப்படுத்திய மரங்களில் குளவி பிடிக்கும் சில்லா கூடுகிறது. எங்கள் மாடியில் கட்டெறும்பும் சிற்றெறும்பும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, மதிலோடு உரசும் கிளையை வெட்டிவிட்டு, தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். எறும்பு அடியோடு போகவில்லை, ஆனால் ராஜபாட்டையாகப் போய்வந்த வரிசை அறுந்துவிட்டது. துளிரை லென்ஸில் பார்த்தால் பழுப்புத் தோல்கள் கண்ணில் அதிகம் படுகின்றன. இது ஒரு மாடியின் கதை, ஆய்வில்லை.

மீதிப் பாதிச் சர்க்கரை பூவிலிருந்து வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குளவியின் வாய் எவ்வளவு இருக்கும்? செம்பருத்தியின் அடியில் தேன் இருந்து என்ன, எட்டாது. மல்லிகைக் குழாய்க்குள் நுழையவும் முடியாது. தட்டையாகத் திறந்து, தேன் மேலேயே பளபளக்கும் பொடிப்பூக்கள் வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, வெந்தயக்கீரையோடு முளைத்துவிடும் கடுகு. கலிஃபோர்னியாவில் ஒட்டுண்ணிக் குளவிகளுக்காகவே பக்வீட், அலிசம் என்று பூஞ்செடிகளை வரிசைகளுக்கு இடையே விதைத்துப் பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். குளிர்காலத்தில் தொட்டியில் போட்ட கொத்தமல்லியை முழுக்கப் பிடுங்கிச் சட்னி அரைத்துவிடாமல் நாலு செடியைப் பூக்க விட்டால் பிப்ரவரி கடைசியில் சரியாகத் துளிர்ச் சமயத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இதில் எங்கள் மாலிக்கு என்மேல் மனத்தாங்கல். "மாஷிமா, பூத்துப்போன தனியா எதற்கு, பிடுங்கிட்டு டாலியா வைக்கிறேன்" என்பார். டாலியா அழகுதான், மறுக்கவில்லை. கலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தட்டு நிறையப் பூத்த டாலியாவைப் பார்த்து நானே நின்றிருக்கிறேன். ஆனால் அந்த அடுக்கிதழ்களுக்குள் நம் குளவிக்கு ஒரு சொட்டும் எட்டாது.

பூச்சி மருந்தைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால் சில்லா சாகும், குளவியும் சாகும். சில்லா இலைக்கிடுக்கில் முட்டையாகத் தங்கி மறுபடி வரும், வருகிற சில்லாவைப் பிடிக்கக் குளவி இருக்காது. வாரம் ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சிக் கொழுந்தைக் கழுவுவதே தொட்டிச் செடிக்குப் போதும் என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குளவி கிரீனிங் நோயை ஒழிக்காது. நோய் பரவ ஒரு சில்லா போதும், குளவியோ எல்லாவற்றையும் பிடித்துத் தீர்ப்பதில்லை. தீர்த்தால் அதற்கே சாப்பாடு இல்லை. தோட்டக்காரர் நோயில்லாத ஒட்டுக்கன்றை வாங்கித்தான் ஆகவேண்டும், நோய் வந்த மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். குளவியின் இடம் யாரும் மருந்தடிக்காத, யாரும் கணக்கெடுக்காத வீட்டுச் செடிகள். மதிலோரக் காமினி, பூங்காவின் காமினி வேலி, மாடிக் கறிவேப்பிலை. சில்லா பெருகிப் பறந்துபோகும் இந்த ஊற்றுகளில் அதன் எண்ணிக்கையைக் குறைத்துவைப்பதுதான் குளவியின் வேலை. கலிஃபோர்னியா அரசு கோடிக்கணக்கில் குளவி வளர்த்துத் திறந்துவிடுவதும் பெரும்பாலும் நகர வீடுகளின் எலுமிச்சை மரங்களைப் பார்த்துத்தான். நமக்கு அந்தச் செலவு கிடையாது.

பிறந்த ஊரிலேயே இருப்பதில் குளவிக்கு ஒரு தொந்தரவும் உண்டு. இங்கே குளவியைத் தின்னும் குளவிகளும் இருக்கின்றன. ரீயூனியனில் அது செழித்ததற்கு அந்த எதிரிகளை விட்டுவிட்டுப் போனதும் ஒரு காரணம் என்கிறார்கள். இந்தக் குட்டிக் குளவிக் கூட்டத்தைப் பற்றி எம். எஸ். மணி எழுதிய இரண்டு பாகப் பெருநூலை 1989இல் இதே கொல்கத்தாவிலிருந்து இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டது. இந்த ஊருக்கும் எலுமிச்சைப் பூச்சிகளுக்கும் உறவு அதைவிடப் பழையது. எலுமிச்சை இலையில் வெள்ளிக்கோடாகப் பாதை போடும் இலைத்துளைப்பான் அந்துப்பூச்சிக்கு 1856இல் ஸ்டெய்ன்டன் பெயர் வைத்தது கல்கத்தாவிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். பௌதியின் கொந்தொராஜில் அதுவும் இருக்கிறது, அதற்குத் தனியாக வேறு குளவிகள் இருக்கின்றன. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பௌதி என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். சுருண்டுபோன கொழுந்தை வெட்டினால் உடனே குப்பைக்காரரிடம் கொடுத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். வெட்டிய கொழுந்து வாடினால் அதிலிருக்கும் சில்லா இளம்பூச்சிகளுக்குச் சாறில்லை, செத்துப்போகும். பறக்கிற சில்லா வெட்டும்போதே பறந்துபோயிருக்கும். ஆனால் பழுப்புத் தோலுக்கு அடியில் கூட்டுப்புழுவாக இருக்கும் குளவிக்கு இனி சாப்பாடே தேவையில்லை, காய்ந்த இலையிலிருந்தும் வெளியே வந்துவிடும். ஒரு பழைய மூங்கில் கூடையில் போட்டு, மழை படாமல், செடிக்கு அடியிலேயே நிழலில் வைத்தால் போதும். "எத்தனை நாள் வைக்கணும் தீதி, தேதி சொல்லுங்க" என்று விடமாட்டார். ஜனவரியில் கேட்டால் பதினைந்து நாள் என்பேன், மார்ச்சில் கேட்டால் பத்து. மே மாதத்தில் ஒரு வாரம் தாண்டினால் எடுத்துக் கொட்டிவிடலாம்.